நீலகிரியிலிருந்து ராஜஸ்தான் சரணாலயங்களுக்கு: தேதி, டிக்கெட், அனுமதி, செலவு

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கமிருந்து ராஜஸ்தான் போய் அங்குள்ள காட்டுயிர்களைப் பார்க்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இணையத்தில் தகவலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்லாம் டெல்லியிலிருந்து காரில் கிளம்புகிறவருக்காக எழுதியவை. நமக்கு வரும் சிக்கல்கள் வேறு. நமக்கு ஓய்வு கிடைக்கும் மாதத்தில் அங்கே பூங்கா மூடியிருக்கும். கோவையிலிருந்து நேரடி ரயில்கள் வாரம் ஒருமுறைதான். பாதிப் பேருக்கு இந்தி வராது. போதாக்குறைக்கு, ஜெய்சல்மேரில் அனுமதிக் கடிதம் வாங்க எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்பதை யாரும் தெளிவாகச் சொல்வதில்லை. நாங்கள் அலைந்து தெரிந்துகொண்டதை வரிசையாகத் தருகிறேன்.

"ஏன்க்கா, நம்ம எஸ்டேட்லயே காட்டெருமை வந்து நிக்குது, அந்த மணல்ல போய் என்ன பார்க்கப் போறீங்க?" என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். நம் காடுகளில் மிருகம் மரத்துக்குப் பின்னால் இருக்கும், சத்தம்தான் முதலில் வரும். அங்கே வெட்டவெளி. ஒரு வெளிமான் கூட்டம் காலையில் எழுந்து மேய்ந்து சண்டை போட்டுப் படுப்பதுவரை ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம். அதற்காகவே போகலாம்.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

விடுதி, கடை, டாக்சி என்று சுற்றுலாவை நம்பிப் பிழைக்கும் நம்மவர்களுக்கு ஏப்ரல், மே மாதங்களில் மூச்சுவிட நேரமில்லை. மழை பிடித்த பிறகு, ஜூலை முதல் செப்டம்பர் வரைதான் கை காலியாக இருக்கும். அந்த மூன்று மாதமும், புலிக் காடான ரணதம்போரின் முக்கிய மண்டலங்களும் (சஃபாரிக்காகப் பிரித்த காட்டுப் பகுதிகள்), இன்னொரு புலிக் காடான சரிஸ்காவும் சஃபாரிக்கு மூடப்பட்டிருக்கும். பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். ஆடியில் டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறதே என்று பதிவு செய்துவிடாதீர்கள்.

டிசம்பர் கடைசி வாரமும் ஜனவரி முதல் வாரமும் வேண்டாம். அறை வாடகை ஏறியிருக்கும், சஃபாரி இடங்கள் தீர்ந்திருக்கும். அப்புறம் மூடுபனி. நம்ம ஊர் மஞ்சு போல ஏறி இறங்கிக் கலைந்துவிடாது. பரத்பூர், மதுரா, டெல்லி சமவெளியில் அது நாள்கணக்கில் படுத்துக்கிடக்கும், ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும், ஏரிக்கரையில் நின்றால் பத்து மணிவரை பறவை நிழலாகத்தான் தெரியும்.

என் கணக்குப்படி நமக்கு ஏற்ற காலம், பொங்கல் முடிந்து குடியரசு தின நெரிசலும் ஓய்ந்த பிறகு, பிப்ரவரி கடைசிவரை. வெளிநாட்டுப் பறவைகள் இன்னும் இருக்கும், பனி குறைந்திருக்கும், நமக்கும் சீசன் தொடங்கியிருக்காது. ஒரு எச்சரிக்கை: வட இந்திய மாக மாதப் பௌர்ணமியை (நமக்கு அது தையிலோ மாசியிலோ வரும்) ஒட்டி ஜெய்சல்மேரில் பாலைவனத் திருவிழா நடக்கும். அந்த நாட்களில் ஊரில் அறையும் வண்டியும் கிடைப்பது பெரும்பாடு. பஞ்சாங்கத்தைப் பார்த்து அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

புலிதான் வேண்டும் என்றால் கோடையில்தான் வாய்ப்பு அதிகம். தண்ணீர் வற்றி மிருகங்கள் ஏரிக்கரைக்கு வரும். ஆனால் அப்போது வெயில் 45 டிகிரி. மலைக்காற்றில் பழகிய உடம்புக்கு, அதிலும் வீட்டுப் பெரியவர்களுக்கு, நான் அதைச் சொல்லமாட்டேன்.

2. எங்கெங்கே என்று தீர்மானியுங்கள்

ராஜஸ்தானின் கிழக்குப் பாதி வேறு, மேற்குப் பாதி வேறு. ரணதம்போர், சரிஸ்கா, பரத்பூர் ஆகியவை கிழக்கில், மலையும் ஏரியும் உள்ள இடங்கள். பாலை மேற்கில் இருக்கிறது: தால் சாப்பர், பிகானேர், பலோதி, ஜெய்சல்மேர். பெரும்பாலோர் ரணதம்போரில் நான்கைந்து சஃபாரிக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு ஜெய்சல்மேரில் ஒட்டகம் ஏறித் திரும்பிவிடுகிறார்கள். புலி நமக்கு முதுமலையிலேயே இருக்கிறது. ரணதம்போரில் அதிகபட்சம் இரண்டு சஃபாரி போதும். மிச்ச நாட்களைப் பாலைக்குக் கொடுங்கள்.

நான் சொல்லும் சுற்று: சவாய் மாதோபூரில் இறங்கி ரணதம்போர், அங்கிருந்து அதே டெல்லி ரயில்பாதையில் பரத்பூர், பிறகு ஜெய்ப்பூர் வழியாகத் தால் சாப்பர், பிகானேர், பலோதி, ஜெய்சல்மேர், கடைசியில் ஜோத்பூர். கிழக்கில் தொடங்கி மேற்கில் முடியும், போன பாதையில் அதிகம் திரும்பி வர வேண்டியதில்லை. ரயில் நாட்களையும் சேர்த்து இரண்டு வாரத்துக்குக் குறைவாகத் திட்டமிடாதீர்கள். அவ்வளவு நாள் முடியாது என்றால் ரணதம்போரை வெட்டுங்கள், ஜெய்சல்மேரை வெட்டாதீர்கள்.

3. ரயிலுக்கு முன் சஃபாரியைப் பதிவு செய்யுங்கள்

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்தான் திறக்கும். ரணதம்போர் சஃபாரிப் பதிவு பொதுவாக அதற்கும் முன்பே திறந்துவிடும். அதனால் சஃபாரி தேதியை முதலில் பிடித்துவிட்டு, அதற்கேற்ப ரயிலைப் பாருங்கள். மாற்றிச் செய்தால் ரயில் கையில் இருக்கும், ஜிப்சி என்னும் திறந்த சஃபாரி ஜீப்பில் இடம் இருக்காது.

பதிவு செய்வது ராஜஸ்தான் அரசின் இணையதளத்தில் மட்டும். முகவரியின் முடிவில் "ராஜஸ்தான் டாட் கவ் டாட் இன்" என்று இருக்கிறதா என்று பாருங்கள். தேடினால் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் தனியார் தளங்கள். பூங்காவின் பெயர், புலிப் படம், அரசு முத்திரை மாதிரி ஒன்று என்று அச்சு அசலாக இருக்கும். அங்கே கட்டணம் சில சமயம் இரண்டு மூன்று மடங்கு. எங்களிடம் ஒரு தனியார் முகவர் முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, "மண்டலம் அங்கே வந்தபிறகு தெரியும்" என்றார். அப்படிச் சொல்பவரிடம் பணம் கட்டாதீர்கள்.

அரசுத் தளத்தில் நுழைய எஸ்எஸ்ஓ கணக்கு, அதாவது ராஜஸ்தான் அரசின் இணையச் சேவைகளுக்கான பொது நுழைவுக் கணக்கு, தேவை. ராஜஸ்தான்காரர்களுக்கு மட்டும் என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். வெளிமாநிலத்தவர் கூகுள் கணக்கு வழியாகப் பதிவு செய்யலாம். இதை வீட்டில் உட்கார்ந்து, கிளம்புவதற்கு நிறைய நாள் முன்பே முடித்து வையுங்கள். மலையில் நெட் விட்டுவிட்டு வருவது தெரிந்ததுதானே. பணம் கட்டும் நேரத்தில் அறுந்துபோனால் உடனே மறுபடி கட்டாதீர்கள். வங்கிக் கணக்கில் பணம் எடுக்கப்பட்டதா என்று பார்த்துவிட்டு அடுத்த முயற்சி.

ரணதம்போரில் பத்து மண்டலங்கள். பழைய காட்டுக்குள் இருப்பவை 1 முதல் 5 வரை, வெளிவட்டத்தில் 6 முதல் 10 வரை. ஏரிகள் உள்ள 3, 4 கிடைத்தால் எடுங்கள். புலி வராவிட்டாலும் முதலை, கடம்பை மான், நீர்ப்பறவை என்று கண்ணுக்கு வேலை இருக்கும். ஜிப்சியில் ஆறு பேர், கேண்டர் என்னும் திறந்த பேருந்தில் இருபது பேர். கேண்டரில் இந்தியருக்கு ஆயிரம் ரூபாய் அளவு, ஜிப்சியில் அதைவிடச் சில நூறு கூடுதல். கட்டணம் அவ்வப்போது ஏறும், அதனால் பதிவு செய்யும் அன்று தளத்தில் காட்டும் தொகையே கணக்கு. நுழைவு, வண்டி, வழிகாட்டி எல்லாம் சேர்ந்ததா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தையும் வயதானவரும் இருந்தால் ஜிப்சிதான். கேண்டரில் சத்தம் அதிகம், ஓரத்து இருக்கை கிடைக்காவிட்டால் பாதி நேரம் அடுத்தவர் தோளைத்தான் பார்க்க வேண்டும்.

ஒருவர் பெயரில் எடுத்த இடத்தில் இன்னொருவர் போக முடியாது. ஆள் உறுதியான பிறகு பதிவு செய்யுங்கள்.

4. ரயில்

கோவையிலிருந்து ஜெய்ப்பூருக்கு வாராந்திர ரயில் இருக்கிறது. கோட்டா, சவாய் மாதோபூர் வழியாகப் போகிறது. திரும்பி வர, ஹிசாரிலிருந்து பிகானேர், ஜோத்பூர் வழியாகக் கோவை வரும் வாராந்திர ரயில். அது முழுக்க ஏசி, கட்டணம் கூடுதல், ஆனால் சுற்றின் முடிவில் ஜோத்பூரில் ஏறி நேரே கோவையில் இறங்கிவிடலாம். இரண்டும் வாரம் ஒருமுறை என்பதால் பயணத்தின் இரண்டு முனைகளையும் இவைதான் தீர்மானிக்கும். போகும் செலவு ஸ்லீப்பரில் ஆயிரம் ரூபாய் அளவு, மூன்றடுக்கு ஏசியில் இரண்டரை ஆயிரம் அளவு.

கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு மைசூர் பக்கம். அங்கிருந்து ஜெய்ப்பூருக்கும் அஜ்மீருக்கும் ரயில்கள் உண்டு. ஒன்றை மறக்காதீர்கள்: பந்திப்பூர் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணிவரை மூடியிருக்கும். காலை ரயில் என்றால் முந்தின நாளே மைசூர் போய்த் தங்கிவிட வேண்டும்.

வட பக்கம் ரயில் தாமதம் சகஜம். சவாய் மாதோபூரில் இறங்கும் நாளுக்கும் சஃபாரிக்கும் நடுவில் ஒரு நாள் இடைவெளி விடுங்கள். ரயில் தாமதம் என்று சொல்லி சஃபாரிப் பணத்தைத் திரும்ப வாங்க முடியாது.

5. காகிதங்கள்

இதில் கவனமாக இருங்கள். பதிவின்போது எந்த அடையாள அட்டையின் எண்ணைக் கொடுத்தீர்களோ, அதே அட்டையின் அசல் கையில் இருக்க வேண்டும். ஆதார் எண்ணைக் கொடுத்துவிட்டு வாக்காளர் அட்டையை நீட்டினால் வம்பு. நமக்குள்ள தனிச் சிக்கல் இனிஷியல். அங்கே எல்லோருக்கும் குடும்பப் பெயர் உண்டு, நமக்குக் கிடையாது. ஆதாரில் இனிஷியல் பின்னால் இருந்தால் பதிவிலும் பின்னால் போடுங்கள், விரித்து எழுதியிருந்தால் விரித்தே எழுதுங்கள். ரயில், அறை, சஃபாரி மூன்றிலும் ஒரே எழுத்து.

உறுதிச்சீட்டைக் காகிதத்தில் அச்சடித்து எடுத்துப்போங்கள். புலிக் காடுகளில் செல்போனுக்குக் கட்டுப்பாடு கூடிக்கொண்டே வருகிறது, அதை நம்பி வாயிலில் நிற்க வேண்டாம். ரணதம்போரில் சஃபாரிக்கு முன் பதிவு அலுவலகத்தில் சீட்டைக் காட்டி அனுமதிச் சீட்டு வாங்கும் வேலையும் உண்டு. விடுதிக்காரர் செய்துகொடுப்பார் என்றால் அதற்குத் தனிக் காசா என்று முன்பே கேளுங்கள்.

எல்லோருடைய அடையாள அட்டை நகலும் இரண்டு மூன்று பிரதி, ஒரு வெற்றுத்தாள் கட்டு, பேனா. ஜெய்சல்மேரில் இவை அத்தனையும் வேண்டியிருக்கும்.

6. பரத்பூர்

அனுமதி, பதிவு என்று ஒன்றும் வேண்டாம். வாயிலில் டிக்கெட் வாங்கி நடந்தே போகலாம். கேவலாதேவ் தேசியப் பூங்கா மொத்தமே 29 சதுர கிலோமீட்டர் அளவுதான், ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும். உள்ளே கார் கிடையாது, சைக்கிளும் ரிக்ஷாவும்தான்.

ரிக்ஷா எடுங்கள். ஓட்டுபவர்கள் பறவை தெரிந்தவர்கள், பயிற்சி பெற்றவர்கள். எங்கள் ஓட்டுநர் ஒரு பட்டுப்போன மரத்தின் பொந்தைக் கையால் காட்டாமல் முகவாயால் காட்டினார். நாங்கள் மரப்பட்டை என்று நினைத்தது கண்ணை மூடித் திறந்தது. ஆந்தை. தனியாகப் போயிருந்தால் அதைத் தாண்டிப் போயிருப்போம். கட்டணம் மணிக்கணக்கு, விகிதம் பலகையில் எழுதியிருக்கும். ஏறும் முன் நேரத்தைப் பேசி, காலை முழுவதற்கும் எடுத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டி தனியாக வேண்டியதில்லை.

பிப்ரவரியில் வரித்தலை வாத்து, சாரஸ் கொக்கு பார்க்கலாம். சைபீரியக் கொக்கு காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது 2002க்குப் பிறகு அங்கே வரவில்லை.

7. தால் சாப்பர், பிகானேர், கீச்சன்

தால் சாப்பர் சூரு மாவட்டத்தில் இருக்கிறது, ஏறக்குறைய 7 சதுர கிலோமீட்டர் புல்வெளி. வாயிலில் கட்டணம் கட்டி வாடகைக் காரிலேயே உள்ளே போகலாம். தங்குமிடம் குறைவு, அதைமட்டும் முன்பே பேசி வையுங்கள். வெளிமான் நம்ம மாயாறு பள்ளத்தாக்கிலும் உண்டு, ஆனால் இப்படிக் கூட்டம் கூட்டமாக, இவ்வளவு நிதானமாகப் பார்க்க முடியாது. குளிர்காலத்தில் பூனைப்பருந்துகள் அந்தியில் புல்லுக்குள் இறங்கும். வெயில் ஏறியதும் வளை வாயில் முள்வால் பல்லிகள் வெளியே வரும். உடம்பு பாதி உள்ளே, தலை வெளியே, கார் கதவு சாத்தும் சத்தத்துக்கே மறைந்துவிடும். இறங்காமல் கண்ணாடியை மட்டும் இறக்கிவிட்டுக் காத்திருங்கள்.

பிகானேர் அருகே ஜோர்பீர். செத்த கால்நடைகளைப் போடும் இடம், குளிர்காலத்தில் பாறுக் கழுகுகள் நிறைய வரும். மாயாற்றில் பாறுகள் எப்படி அருகிப்போயின என்று தெரிந்த நமக்கு, அங்கே அவை கூட்டமாகத் தரையில் நிற்பதைப் பார்த்தால் மனசு நிறையும். நாற்றம் கடுமை. தெருநாய்கள் கூட்டமாகத் திரியும், காரை விட்டு இறங்கி நடக்காதீர்கள். குழந்தைகளோடு போனால் இந்த இடத்தைத் தவிர்க்கலாம்.

கீச்சன் கிராமம் பலோதிக்குச் சில கிலோமீட்டர்தான். குர்ஜா என்று உள்ளூரில் சொல்லும் கொக்குகள் ஆயிரக்கணக்கில் வந்து, ஊர்க்காரர்கள் போடும் தானியத்தைத் தின்னும். கட்டணம் இல்லை. விடியும் முன் போய்விட வேண்டும், வெயில் ஏறியதும் அவை நீர்நிலைக்குப் போய்விடும். மார்ச்சில் கிளம்பிவிடும் என்பதால் பிப்ரவரி தாண்டினால் உத்தரவாதம் இல்லை. தானியக் கொட்டகை அருகே வண்ண வண்ணமாக உடுத்திக்கொண்டு நடமாடாதீர்கள். ஒன்று மிரண்டால் மொத்தக் கூட்டமும் எழுந்துவிடும்.

8. ஜெய்சல்மேர்: அனுமதிதான் வேலை

பாலைவனத் தேசியப் பூங்கா ஜெய்சல்மேர், பார்மேர் மாவட்டங்களில் 3,162 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கிறது. பெயரில் தேசியப் பூங்கா என்றாலும் சட்டப்படி சரணாலயம். உள்ளே கிராமங்களும் சாலைகளும் இருப்பதால், சாம் மணல்மேட்டில் ஒட்டகம் ஏறியதையே "பூங்கா பார்த்தோம்" என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அழிவின் விளிம்பில் நிற்கும் பெரிய புல்வெளிப் பறவையான கானமயில் இருப்பது சுதாசரி போன்ற வேலியிட்ட புல்வெளிகளில். அதற்கு ஜெய்சல்மேர் ஊரிலுள்ள வனத்துறை அலுவலகத்தில் முன் அனுமதி வேண்டும்.

செய்ய வேண்டியது இது. வியாழன் அல்லது அதற்கு முன் ஜெய்சல்மேரில் இருங்கள். சனி, ஞாயிறு, அரசு விடுமுறைகளில் அலுவலக வேலை நடக்காது. நாங்கள் வெள்ளி மதியத்துக்குமேல் போய், கையெழுத்துப் போடுபவர் வெளியே போயிருக்கிறார் என்று திங்கள்வரை காத்திருந்தோம். காலை அலுவலகம் திறந்ததும் போங்கள். வெற்றுத்தாளில் விண்ணப்பம்: எல்லோர் பெயர், அடையாள எண், போகும் தேதி, வண்டி எண், ஓட்டுநர் பெயர். நகல்கள் இணைப்பு. வண்டி எண் கேட்பார்கள் என்பதால் வண்டியை முந்தின நாளே பேசி முடித்திருக்க வேண்டும். விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் எழுதலாம், பேசுவது இந்தியில்தான் ஓடும். இந்தி தெரியாதவர்கள் விடுதிக்காரரையோ ஓட்டுநரையோ கூட அழைத்துப்போங்கள்.

"அனுமதியெல்லாம் வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லும் ஓட்டுநரை ஏற்காதீர்கள். மொத்தமே 150க்கும் குறைவாக எஞ்சியிருக்கும் பறவை அது. வேலியோரத்தில் வண்டியை விரட்டி எழுப்பிப் பார்ப்பவர்களால் அதற்குக் கேடு.

விடிகாலையில் கிளம்புங்கள். சாம் 40 கிலோமீட்டர், சுதாசரி அதையும் தாண்டி. வண்டி வாடகை போகவர மூவாயிரத்திலிருந்து ஐயாயிரம்வரை சொல்வார்கள். பறவை வரும் என்று யாரும் உறுதி தர முடியாது. மறைவிடத்தில் சத்தமில்லாமல் உட்கார வேண்டும். சேவண் புல்லுக்கு மேலே முதலில் தெரிவது வெள்ளைக் கழுத்தும் கறுப்புத் தொப்பி வைத்த தலையும்தான். ஒரு மீட்டர் உயரம். இரண்டடி நடக்கும், நிற்கும், பார்க்கும், மறுபடி நடக்கும். அவசரமே கிடையாது. வெயில் ஏறி கானல் எழுந்துவிட்டால் பைனாகுலரில் எல்லாம் நெளியும், அதனால் ஒன்பது மணிக்குள் பார்த்தால்தான் உண்டு. சிங்காரா மானும் பாலை நரியும் வழியிலேயே கிடைக்கும்.

டிரோன் கொண்டுபோகாதீர்கள். எல்லை மாவட்டம், பெட்டியில் இருந்தாலே விசாரணை வரும். மேற்கே எல்லையை நோக்கிச் செல்லும் சாலைகளில் அனுமதி கேட்காமல் நுழையாதீர்கள்.

9. துணிமணி

பாலைவனம் என்று மெல்லிய துணி மட்டும் எடுக்காதீர்கள். சூருவில் கோடையில் 50 டிகிரி தொட்டதுண்டு, குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழும் போயிருக்கிறது. நாம் வீட்டில் போடும் ஸ்வெட்டர், மப்ளர், காதை மூடும் குல்லா எல்லாம் வேண்டும். திறந்த ஜிப்சியில் காலைக் காற்று ஊட்டிப் பனியைவிட அதிகமாகக் கடிக்கும். மதியம் வெயில் சுள்ளென்று இருக்கும், உள்ளே பருத்தி போடுங்கள். நிறம் மண் நிறம். காற்று வறண்டது, உதடும் மூக்கும் வெடிக்கும். தேங்காய் எண்ணெய் ஒரு சின்ன பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். கேமராவுக்கு நல்ல பிளாஸ்டிக் உறை வேண்டும். மணல் நுழையாத இடமில்லை. சோறு எல்லா இடத்திலும் கிடைக்காது, ரொட்டிக்குப் பழகிக்கொள்ளுங்கள்.

10. செலவும் திரும்பும் வழியும்

பணம் அதிகம் போவது ரயிலுக்கோ பூங்காவுக்கோ இல்லை, மேற்குப் பகுதியில் வாடகை வண்டிக்கு. தனி ஆளாகவோ இரண்டு பேராகவோ போனால் ஒவ்வொருவர் தலையிலும் பாரம் ஏறும். நான்கு பேர் சேர்ந்தால் ஒரே காரின் செலவு நாலாகப் பிரியும், ஜிப்சியிலும் ஒன்றாக உட்காரலாம். பிகானேரிலிருந்து பலோதி, ஜெய்சல்மேர், ஜோத்பூர் ஆகிய இடங்களுக்கு ரயில் இருக்கிறது. ஊர்விட்டு ஊர் ரயிலில் போய், அந்தந்த ஊரில் அரை நாள் வண்டி பிடிப்பதுதான் சிக்கனம். ரொக்கம் கையில் வையுங்கள், கிராமத்தில் சிக்னல் இல்லாத இடங்கள் உண்டு.

கோவையில் இறங்கி மேட்டுப்பாளையம் வழியாகப் பேருந்தில் ஏறினால் ஒரு தொல்லையும் இல்லை. பெட்டி படுக்கையோடு வாடகைக் கார் பிடிப்பதாக இருந்தால், வண்டி நீலகிரிப் பதிவு எண் கொண்டதா என்று கேளுங்கள். வெளிமாவட்ட வண்டி என்றால் நம்ம ஊருக்கே திரும்பினாலும் இ-பாஸ் வேண்டும். ரயிலில் வரும்போதே ஓட்டுநரிடம் எடுக்கச் சொல்லிவிடுங்கள்.